மைக்கேல் காலின்ஸ் ஏன் அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாரு?

நீங்க கேட்டது இதுதான்: கொரில்லா போர் நடத்தி பிரிட்டிஷ்காரனை மண்டி போட வச்ச அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ், ஜெயிக்கிற நேரத்துல, 1921ல, லண்டன் போயி அயர்லாந்தை ரெண்டா பிரிக்கிற ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது ஏன், விலை போயிட்டாரா, கடைசில அவரை சுட்டதும் பிரிட்டிஷ் உளவுத்துறைதானா. கேள்விக்குள்ளயே மூணு முடிவை எடுத்து வச்சிருக்கீங்க. மண்டி போட வச்சாரு, நாட்டை பிரிச்சாரு, பிரிட்டிஷ்காரன் சுட்டான். மூணுலயும் சிக்கல் இருக்கு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

காலின்ஸ்னு சொன்னதும் ட்ரெஞ்ச் கோட், கைல துப்பாக்கி, இப்படி ஒரு உருவம்தான் எல்லாருக்கும் மனசுல வருது. ஆனா அந்த ஆளு அடிப்படையில ஒரு கணக்குப்பிள்ளை. 1890 அக்டோபர் 16ல கார்க் கவுண்டியில கிளோனகில்டி பக்கத்துல ஒரு விவசாய குடும்பத்துல எட்டாவது புள்ளையா பொறந்தாரு, ஆறு வயசுலயே அப்பா போயிட்டாரு, 15 வயசுல பரீட்சை எழுதி பாஸ் பண்ணி 1906ல லண்டன்ல போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் பேங்க்ல கிளார்க் வேலைக்கு போயிட்டாரு. அங்க அக்கா ஹானி வீட்ல தங்கிக்கிட்டு கிட்டத்தட்ட பத்து வருஷம், போஸ்ட் ஆபீஸ், அப்புறம் ஷேர் புரோக்கர் கம்பெனி, அப்புறம் ஒரு அமெரிக்க டிரஸ்ட் கம்பெனியோட லண்டன் கிளைன்னு மாறி மாறி பாத்த வேலை எல்லாமே ஆபீஸ் வேலைதான். எதிரியோட தலைநகரத்துலயே உக்காந்து அவனோட ஆபீஸ் எப்படி நடக்குது, ஃபைல் எப்படி நகருது, பேங்க்ல பணம் எப்படி போகுதுன்னு கத்துக்கிட்டாருன்னே சொல்லலாம். 1909ல ஐரிஷ் ரிபப்ளிக்கன் பிரதர்ஹுட்ங்கற ரகசிய இயக்கத்துல சேந்தாரு, சேத்து விட்ட சாம் மகுவயரும் லண்டன் போஸ்ட் ஆபீஸ்காரர்தான்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதுத்து டப்ளின்ல நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சில ஜெனரல் போஸ்ட் ஆபீஸுக்குள்ள காலின்ஸ் இருந்தாரு, ஆனா பெரிய ஆளா இல்ல, எழுச்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ஜோசஃப் பிளங்கெட்டுக்கு உதவியாளர், அவ்ளோதான். அதனாலதான் தப்பிச்சாரு, ஏன்னா மே மாசம் பிளங்கெட், பியர்ஸ், கானலி உட்பட 15 பேரை வரிசையா சுட்டுக் கொன்னாங்க, காயத்தோட நிக்க முடியாத கானலியை நாற்காலில உக்கார வச்சு சுட்டது நாடே கொதிச்சு போன விஷயம். காலின்ஸை வேல்ஸ்ல ஃப்ரோங்கோக் கைதி முகாமுக்கு அனுப்புனாங்க. அங்க சுமார் 1800 பேரை ஒரே இடத்துல அடைச்சு வச்சது பிரிட்டிஷ் அரசாங்கம் தனக்குத்தானே வச்சுக்கிட்ட ஆப்பு, யாரு எந்த ஊரு, யாரை நம்பலாம், யாரு வாய்ச்சொல் வீரன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அங்க இருந்து எழுதுன கடிதத்துல காலின்ஸ் எழுச்சியோட தலைவர்களை மதிச்சாலும் ஏற்பாடு எல்லாம் படு மோசம், கவிதை நடைல அறிக்கை விட்டுட்டு இருக்குற நேரமா அதுன்னு கடுப்பாதான் எழுதுறாரு. கட்டடத்தை புடிச்சு வச்சுக்கிட்டு பீரங்கி வரும் வரைக்கும் காத்திருக்குற சண்டை இனி வேணாம்ங்கறது அவருக்கு அப்பவே முடிவு.

1916 டிசம்பர்ல வெளிய வந்ததும் முதல்ல பாத்த வேலை என்னன்னா, ஜெயில்ல இருக்குறவங்க, செத்தவங்க குடும்பத்துக்கு உதவித்தொகை குடுக்குற சங்கத்துக்கு செயலாளர். மாசாமாசம் யார் வீட்டுக்கு எவ்ளோ போகணும்ங்கற லிஸ்ட் கைல இருக்குறவனுக்கு நாடு முழுக்க நெட்வொர்க் தானா வந்துடும் இல்லையா, அதேதான் நடந்துச்சு. 1918 டிசம்பர் தேர்தல்ல தனி அயர்லாந்து கேட்ட சின் ஃபெயின் கட்சி 105ல 73 சீட்டு ஜெயிச்சு, லண்டன் பார்லிமெண்டுக்கு போக மாட்டோம்னு 1919 ஜனவரி 21 டப்ளின்ல தனி பார்லிமெண்டை, டாயில்னு சொல்வாங்க, கூட்டுனாங்க. அந்த அரசாங்கத்துல ஏப்ரல்ல இருந்து காலின்ஸ் நிதி அமைச்சர். தடை செஞ்ச ஒரு அரசாங்கத்துக்கு நிதி அமைச்சர்னா சிரிப்பா இருக்கும், ஆனா அவரு 2,50,000 பவுண்ட் இலக்கு வச்சு கடன் பத்திரம் வெளியிட்டு 3,70,000 பவுண்டுக்கு மேல வசூல் பண்ணாரு, அதுவும் தலைமறைவா இருந்துக்கிட்டு, ரசீது குடுத்து. தங்கமா வந்ததுல ஒரு பங்கு பேட் ஓகானர்ங்கற கட்டட கான்ட்ராக்டர் வீட்டு தரைக்கு கீழ இருந்துச்சு. கணக்கு அனுப்ப லேட் பண்ணா யாரா இருந்தாலும் கடிதத்துலயே காய்ச்சி எடுத்துருவாரு, அதனால அவரை புடிக்காதவங்க இயக்கத்துக்குள்ளயே நெறைய பேரு, அது பின்னாடி பெருசா வெடிச்சுது.

இந்த பணத்தை தேடிக்கிட்டு ஆலன் பெல்னு ஒரு வயசான மாஜிஸ்ட்ரேட் பேங்க் பேங்கா கணக்கை தோண்ட ஆரம்பிச்சாரு. 1920 மார்ச் 26 காலைல அவரு டிராம்ல ஆபீஸ் போயிட்டு இருக்கும்போது காலின்ஸோட ஆளுங்க ஏறி, பயணிகள் எல்லாரும் பாக்க பாக்க கீழ இறக்கி ரோட்டுலயே சுட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அந்த பேங்க் கணக்கை தொட யாரும் முன்வரல. காலின்ஸை ரொமான்டிக் ஹீரோவா பேசுறவங்க இந்த டிராம் சம்பவத்தை வேகமா தாண்டி போயிடுவாங்க, தாண்டக்கூடாதுன்னு நினைக்கிறேன். அவரோட முறையே அதுதான்.

அந்த முறை எங்க ஆரம்பிச்சுதுன்னா ஒரு ஃபைல் ரூம்ல. டப்ளின் போலீஸ்ல ஜி டிவிஷன்னு ஒரு உளவுப் பிரிவு, அரசியல் ஆட்களை கண்காணிக்கறதுதான் அவங்க தொழில். அதுல நெட் பிராய்னு ஒருத்தர் ரிப்போர்ட் எல்லாம் டைப் அடிக்கிற வேலைல இருந்தாரு. அவரு மனசு இந்தப் பக்கம், அதனால டைப் அடிக்கும்போதே கூடுதலா ஒரு கார்பன் ஷீட்டு வச்சு ஒரு காப்பி எடுத்து வெளிய அனுப்பிட்டு இருந்தாரு. 1919 ஏப்ரல் 7 ராத்திரி பிராய் தைரியமா காலின்ஸையும் அவரோட கூட்டாளி ஷான் நூனனையும் கிரேட் பிரன்ஸ்விக் தெரு ஸ்டேஷனுக்குள்ளயே விட்டுட்டாரு. ரெண்டு பேரும் ஆவண அறைல உக்காந்து விடிய விடிய படிச்சாங்க, காலின்ஸ் தன்னைப் பத்தின ஃபைலையும் எடுத்து படிச்சாரு. போலீசுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எந்த டிடெக்டிவ் உண்மையிலேயே ஆபத்தானவன்னு வெளிய வரும்போது தலைக்குள்ள ஏறிடுச்சு. அந்த டிடெக்டிவ்களுக்கு முதல்ல எச்சரிக்கை போச்சு, கேக்காதவங்களை ஜூலை மாசத்துல இருந்து ஸ்குவாடுன்னு ஒரு சின்ன குழு சுட ஆரம்பிச்சுது. ஐரிஷ் போராட்டங்கள் அதுக்கு முன்னாடி தோத்தது பெரும்பாலும் உளவாளிகளாலதான், அந்த கணக்கை காலின்ஸ் தலைகீழா திருப்பிட்டாரு. பிரிட்டிஷ் நிர்வாகத்தோட தலைமையிடமான டப்ளின் கோட்டைக்குள்ளயே லில்லி மெர்னின்னு ஒரு டைப்பிஸ்ட் அவருக்கு வேலை பாத்தாங்க. இதெல்லாம் நடக்கும்போது அந்த ஆளு நல்ல சூட் போட்டுக்கிட்டு சைக்கிள்ல டப்ளின் முழுக்க சுத்திக்கிட்டு இருந்தாரு, ஏன்னா போலீஸ்கிட்ட நல்ல போட்டோ கிடையாது, பயந்து ஒளியிற மாதிரி நடந்தாதான் புடிப்பாங்கங்கறது அவரு கணக்கு.

1920 நவம்பர் 21, ரத்த ஞாயிறு. காலைல டப்ளின்ல பல இடத்துல ஒரே நேரத்துல காலின்ஸோட ஆளுங்க பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் தங்கியிருந்த அறைக்குள்ள புகுந்து சுட்டாங்க, சில பேரை பொண்டாட்டி கண்ணு முன்னாடியே. செத்தவங்க எல்லாருமே உளவாளி இல்ல, கிரெஷாம் ஹோட்டல்ல செத்த மெக்கார்மேக் ராணுவத்துக்கு கோவேறு கழுதை வாங்க வந்த கால்நடை அதிகாரி. மத்தியானம் கிரோக் பார்க்ல கேலிக் ஃபுட்பால் மேட்ச் நடக்கும்போது பிரிட்டிஷ் படை உள்ள புகுந்து கூட்டத்துல சுட்டு 14 பேரை கொன்னுச்சு, ஆடிக்கிட்டு இருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகனும் அதுல போயிட்டாரு. சாயங்காலம் கைதா இருந்த டப்ளின் படைத் தலைவர்கள் டிக் மக்கீ, பெடர் கிளான்சி ரெண்டு பேரையும் கூடவே கானர் கிளூன்னு சம்பந்தமே இல்லாத ஒருத்தரையும் கோட்டைக்குள்ளயே கொன்னாங்க.

ஆனா நீங்க சொல்ற கொரில்லா போர் இருக்கே, கிராமப்புறத்துல பதுங்கி லாரியை அடிக்கிறது, அது காலின்ஸ் நடத்துனது இல்ல. அது டாம் பேரி, லியம் லிஞ்ச், ஷான் மக்யோன் மாதிரி ஆட்களோட வேலை, பல நேரம் டப்ளின்கிட்ட கேக்காமலே செஞ்சது. படைத்தலைமை ரிச்சர்ட் முல்காஹி, பாதுகாப்பு அமைச்சர் கதல் புருஹா. காலின்ஸ் உளவுத்துறை இயக்குநர் கூடவே நிதி. இப்ப மீம்ல எல்லாம் கொரில்லா போரின் தந்தைன்னு போடுறாங்க, அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே தென்னாப்பிரிக்காவுல போயர்கள் அதே மாதிரி சண்டை போட்டு பிரிட்டனை திணற வச்சவங்க.

இடையில ஒண்ணு சொல்லிடறேன், நம்மாளுங்களுக்கு சுவாரஸ்யமா இருக்கும். 1921 ஏப்ரல்ல காலின்ஸ் பொறந்த வீட்டை எசெக்ஸ் ரெஜிமெண்ட் கொளுத்துச்சு. அந்த ரெஜிமெண்ட்ல வெஸ்ட் கார்க் மக்கள் ரொம்ப வெறுத்த அதிகாரி பெர்சிவல், ஆமா அதே பெர்சிவல்தான், 1942 பிப்ரவரில சிங்கப்பூரை ஜப்பான்காரன்கிட்ட ஒப்படைச்சாரே அவரு. சிங்கப்பூர், மலேயா தமிழ் குடும்பங்கள்ல பெரியவங்க பேசுற ஜப்பான்காரன் காலம், சயாம் ரயில் பாதை, எல்லாமே அந்த சரணடைதலுக்கு அப்புறம் வந்ததுதான்.

இப்ப கையெழுத்துக்கு வர்றேன். 1921 ஜூலை 11 போர் நிறுத்தம் வரும்போது ஐ.ஆர்.ஏ, அதாவது அயர்லாந்து குடியரசுப் படை, ஜெயிச்சுட்டு இருந்துச்சுங்கறது பின்னாடி கட்டுன கதை. தோக்கவும் இல்ல, ஆனா தோட்டா இல்ல. மே 25ல கஸ்டம் ஹவுஸ்ங்கற பிரிட்டிஷ் நிர்வாகக் கட்டடத்தை கொளுத்தப் போயி டப்ளின் பிரிகேட்ல நூறு பேரு வரைக்கும் மாட்டிக்கிட்டாங்க, அது டாயில் அரசாங்கத்தோட தலைவர் டி வலேரா ஆசைப்பட்ட மாதிரி பெரிய அளவுல கண்ணுக்கு தெரியிற தாக்குதல், காலின்ஸுக்கு அந்த ஸ்டைல்ல நம்பிக்கையே கிடையாது. ஜூன்ல அமெரிக்காவுல வாங்கி கப்பல்ல ஏத்துன 500க்கு பக்கமான தாம்சன் மெஷின் கன் நியூயார்க் எதிர்ல ஹோபோக்கன் துறைமுகத்துலயே புடிபட்டுச்சு. எத்தனை துப்பாக்கி, எத்தனை ரவுண்டு, எத்தனை பேரு ஜெயில்லன்னு காலின்ஸுக்கு நல்லா தெரியும். இன்னொன்னு, போர் நிறுத்தம் வந்ததும் தலைமறைவா இருந்தவங்க எல்லாம் ஊர்ல வெளிப்படையா நடக்க ஆரம்பிச்சுட்டாங்க, காலின்ஸோட முகமும் பேப்பர்ல வந்துடுச்சு, ரகசியம்ங்கற ஆயுதம் அதோட போச்சு.

ஜூலைல டி வலேரா லண்டன் போயி பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜை நேர்ல பாத்து பேசிட்டு வந்தாரு. குடியரசு கிடைக்காதுன்னு அவருக்கு அப்பவே தெரியும். ஆனா அக்டோபர்ல உண்மையான பேச்சுவார்த்தைக்கு அவரு போகல, ஆர்தர் கிரிஃபித் தலைமைல அஞ்சு பேரை அனுப்புனாரு, அதுல ஒருத்தர் காலின்ஸ். நான் சிப்பாய், ராஜதந்திரி இல்ல, என்னை அனுப்பாதீங்கன்னு அவரு எவ்ளோவோ சொல்லி பாத்தாரு, எடுபடல. தலைவர் நாட்டுலயே இருந்தாதான் கடைசி பிடி நம்ம கைல இருக்கும், தீவிரமானவங்களையும் சேத்து இழுத்துட்டு போகலாம்னு டி வலேரா சொன்ன காரணத்துல நியாயம் இல்லாம இல்ல. ஆனா எனக்கென்னவோ, விட்டுக்குடுக்கற கெட்ட பேரு யாருக்கு வரணும்ங்கற கணக்கும் அதுல இருந்துச்சுன்னுதான் தோணுது. அந்தப் பக்கம் யாருன்னா லாயிட் ஜார்ஜ், சர்ச்சில், பர்க்கன்ஹெட், ஆஸ்டின் சேம்பர்லேன், பேரம் பேசறதுலயே முடி நரைச்சவங்க.

டிசம்பர் 3 டப்ளின்ல காபினெட் மணிக்கணக்குல கூடி தெளிவான முடிவே இல்லாம கலைஞ்சுது, அந்த குழப்பத்தோடயே பிரதிநிதிகள் திரும்ப கப்பல் ஏறுனாங்க. 5ஆம் தேதி சாயங்காலம் லாயிட் ஜார்ஜ் ரெண்டு கடிதத்தை கைல தூக்கி காட்டுறாரு, ஒண்ணு சம்மதம்ங்கற கடிதம், இன்னொன்னு பேச்சு முறிஞ்சுதுங்கற கடிதம், ரெண்டுல எதை பெல்ஃபாஸ்ட்ல வட அயர்லாந்து பிரதமர் கிரெய்க்குக்கு அனுப்பறது, ரயிலும் கப்பலும் ரெடியா நிக்குது, முறிஞ்சா மூணு நாள்ல போர்ங்கறாரு. கிரிஃபித் போடறேன்னுட்டாரு. காலின்ஸ் தங்கற இடத்துக்கு போயி யோசிச்சு போடறதுன்னு முடிவு பண்ணிட்டாரு, அஞ்சு பேர்ல ராபர்ட் பார்ட்டன்தான் கடைசி வரைக்கும் முரண்டு புடிச்சுட்டு அப்புறம் சம்மதிச்சாரு. 1921 டிசம்பர் 6 அதிகாலை ரெண்டு மணிக்கு மேல கையெழுத்து ஆச்சு. என் அரசியல் மரண ஓலைல கையெழுத்து போட்டுட்டேன்னு பர்க்கன்ஹெட் சொல்ல, நான் போட்டது நிஜமான மரண ஓலைன்னு காலின்ஸ் சொன்னதா ஒரு பேச்சு உண்டு, அன்னிக்கே நண்பருக்கு எழுதுன கடிதத்துலயும் அதே தொனி. இதுல காலின்ஸ் மேல எனக்கு இருக்குற ஒரே பெரிய குறை, டப்ளினுக்கு ஒரு போன் போட்டு கேட்டிருக்கலாம், அஞ்சு பேர்ல ஒருத்தரும் கேக்கல. மிரட்டல் வெறும் சவடாலா நிஜமான்னு அந்த ராத்திரில சோதிச்சு பாக்கவே இல்ல.

நாட்டை பிரிச்சது அந்த கையெழுத்து இல்ல. பிரிவினை பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட 1920 சட்டத்துலயே நடந்துடுச்சு, வடக்குல ஆறு கவுண்டிக்கு தனி பார்லிமெண்டை 1921 ஜூன்ல மன்னர் ஜார்ஜே வந்து தொறந்து வச்சுட்டாரு, லண்டன் பேச்சுவார்த்தை தொடங்கறதுக்கு மூணு மாசத்துக்கு முன்னாடி. ஒப்பந்தத்துல இருந்தது வடக்கு தெற்கு எல்லைக் கோட்டை திரும்ப பாக்குற எல்லை கமிஷன், அது வந்தா வடக்குல பெரிய பெரிய துண்டு நமக்கு வந்துடும், மிச்சம் தாக்குப்புடிக்காதுன்னு காலின்ஸும் கிரிஃபித்தும் நம்புனாங்க. அது 1925ல புஸ்ஸுன்னு போச்சு, கோடு இருந்த இடத்துலயே நின்னுச்சு, ஏமாந்தாங்கன்னா அங்க ஏமாந்தாங்க. ஆச்சரியம் என்னன்னா டாயில் விவாதத்துல பிரிவினையை பத்தி பேசுனது ரொம்ப கம்மி, நாள்கணக்கா சண்டை போட்டது மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கலாமா கூடாதாங்கறதுக்குத்தான். ஒப்பந்தத்துல கிடைச்சது கனடா மாதிரி பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளயே சுயாட்சி, அதாவது டொமினியன் அந்தஸ்து, சொந்த ராணுவம், சொந்த வரி, பிரிட்டிஷ் படை வெளியேறணும், ஆனா உறுதிமொழி உண்டு, மூணு துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படைக்கு. இது முழு சுதந்திரம் இல்ல, அதை அடையறதுக்கான சுதந்திரம்னு காலின்ஸ் வாதாடுனாரு. 1922 ஜனவரி 7ல 64க்கு 57ன்னு ஏழே ஓட்டுல பாஸ் ஆச்சு.

விலை போனாரான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு பதில் 1932க்கு அப்புறம் நடந்ததை பாருங்க. ஒப்பந்தத்தை எதுத்த அதே டி வலேரா ஆட்சிக்கு வந்து 1933ல உறுதிமொழியை தூக்குனாரு, 1937ல புது அரசியல் சட்டம் கொண்டு வந்தாரு, 1938ல துறைமுகங்களை திரும்ப வாங்குனாரு, அவருக்கு அப்புறம் வந்த வேற அரசாங்கத்துல 1949ல முழு குடியரசு. ஒரு குண்டு வெடிக்காம எல்லாம் அந்த ஒப்பந்தம் குடுத்த இடத்துல நின்னுதான் நடந்துச்சு. கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு தெற்கை பொறுத்தவரைக்கும் சரியா வந்துச்சு, வடக்கை பொறுத்தவரைக்கும் தப்பா போச்சு.

நடுவுல உள்நாட்டுப் போர். 1922 ஏப்ரல்ல ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் டப்ளின்ல ஃபோர் கோர்ட்ஸ்ங்கற நீதிமன்றக் கட்டடத்தை புடிச்சாங்க. காலின்ஸ் ரெண்டு மாசத்துக்கு மேல சமாதானமே பேசிக்கிட்டு இருந்தாரு, டி வலேராவோட தேர்தல் உடன்பாடு வச்சாரு, ஒரு பக்கம் அரசாங்கத் தலைவரா இருந்துக்கிட்டே இன்னொரு பக்கம் வடக்குல இருந்த ஐ.ஆர்.ஏவுக்கு ரகசியமா ஆயுதம் அனுப்புனாரு, இது பல பேருக்கு தெரியாது. ஜூன் 22ல லண்டன்ல முன்னாள் பிரிட்டிஷ் ராணுவத் தளபதி சர் ஹென்றி வில்சனை சுட்டதும் பிரிட்டிஷ் நெருக்கடி தாங்கல. 28ஆம் தேதி பிரிட்டிஷ்காரன்கிட்ட இரவல் வாங்குன பீரங்கியால பழைய தோழர்களை அடிக்க ஆரம்பிச்சாரு. அந்த சண்டைல பக்கத்துல இருந்த ஆவணக் காப்பகம் வெடிச்சு 13ஆம் நூற்றாண்டுல இருந்து இருந்த ரெக்கார்டெல்லாம் சாம்பலாச்சு. 1919 பிப்ரவரில டி வலேராவை தப்பிக்க வைக்க இங்கிலாந்துல லிங்கன் ஜெயில் வாசல்ல காலின்ஸோட ராத்திரில நின்ன உயிர் நண்பன் ஹாரி போலண்ட் இப்ப எதிர் அணி, ஆகஸ்ட் தொடக்கத்துல அரசு படையோட குண்டுல செத்தாரு. அன்னிக்கு ஜெயில் கதவுல காலின்ஸ் போட்ட கள்ளச்சாவி பூட்டுக்குள்ளயே ஒடஞ்சு போக, உள்ள இருந்து டி வலேரா தன் சாவியால அந்த துண்டை தள்ளி வெளிய வந்தாரு, அப்படி இருந்த மூணு பேரு. ஆகஸ்ட் 12ல கிரிஃபித்தும் மூளை ரத்தக்கசிவுல போயிட்டாரு.

ஆகஸ்ட் 22, காலின்ஸ் சொந்த ஊரான வெஸ்ட் கார்க்ல. முன்னாடி ஒரு மோட்டார் சைக்கிள், வீரர்களோட ஒரு லாரி, காலின்ஸ் உக்காந்த திறந்த கார், பின்னாடி ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கவச வண்டி. காலைல பேல் நா ப்ளாங்கற இடத்துல நின்னு ஒருத்தன்கிட்ட வழி கேட்டாங்க, அவன் எதிர் அணி காவலாள். திரும்பவும் இதே வழியா வரலாம்னு எதிர் அணிக்காரங்க அங்க பதுங்குனாங்க, நாள் முழுக்க காத்திருந்து இனி வரமாட்டாங்கன்னு முக்காவாசி பேரு கலைஞ்சும் போயிட்டாங்க. சாயங்காலம் வண்டி வந்துச்சு, சுட ஆரம்பிச்சதும் கூட வந்த ராணுவ அதிகாரி எம்மெட் டால்டன் வண்டியை விரட்டுன்னாரு, காலின்ஸ் நிறுத்து, சண்டை போடலாம்னாரு. கவச வண்டி மெஷின் கன் வேற மக்கர் பண்ணுச்சு. காலின்ஸ் ரோட்டுல நின்னு சுட்டுக்கிட்டு இருந்தப்போ தலைல ஒரு குண்டு. அவரு படைல செத்தது அவரு ஒருத்தர் மட்டும்தான், வயசு 31. போர் நேரத்துல டப்ளின் முழுக்க சைக்கிள்ல திரிஞ்சும் மாட்டாம இருந்த ஆளு ஆபீஸ்ல இருந்து களத்துக்கு வந்ததும் செஞ்ச முதல் தப்பு அந்த வண்டியை நிறுத்துனது.

சுட்டது யாருன்னா, சோனி ஓ'நீல்னு ஒரு எதிர் அணிக்காரரை பெரும்பாலானவங்க சொல்றாங்க, கோர்ட்ல நிரூபிச்ச விஷயம் இல்ல, ஆனா பதுங்கியிருந்தது முழுக்க முழுக்க உள்ளூர் ஒப்பந்த எதிர்ப்பு ஐ.ஆர்.ஏங்கறதுல சந்தேகமே இல்ல. பிரிட்டிஷ்காரனுக்கு அந்த நேரத்துல அவரு உயிரோட இருக்கறதுதான் லாபம், ஒப்பந்தத்தை நிறைவேத்தி தர்ற ஆளே அவருதான். டி வலேரா அந்த ஏரியாவுல அப்ப இருந்தது உண்மை, அதை வச்சு அவரு ஏவுனாருன்னு ஒரு கதை ஓடுது, ஆனா 1922ல எதிர் அணில துப்பாக்கி வச்சிருந்தவங்க அவங்க படைத்தலைவர் லியம் லிஞ்ச் பேச்சைத்தான் கேட்டாங்க, டி வலேரா சொல்லி சுடற, சொல்லி நிறுத்தற நிலைமைல யாருமே இல்ல.